ஸ்டார் வார்ஸ்: 1977ஆம் ஆண்டு வடிவம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் வெளியாகி 2027 மே 25 அன்று ஐம்பது ஆண்டுகள் நிறைவடையவிருக்கும் நிலையில், சிறுவயது முதலே அத்தொடரின் ரசிகனாக இருந்துவரும் நான், ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். அன்று திரையரங்குகளில் மக்கள் பார்த்து வியந்த படம் வேறு; இன்று இணையத் தளங்களில் அதே பெயரில் கிடைக்கும் படம் வேறு.

எண்பதுகளில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, கோடுகள் ஓடும் தேய்ந்த நாடாவில்தான் நாங்கள் அதைப் பார்த்தோம். வசனம் பாதி புரியவில்லை. ஆனால், தொடக்கக் காட்சியில் தலைக்கு மேலாக நுழைந்து, முடிவே இல்லாததுபோல் நீண்டுகொண்டே போகும் அந்தப் போர்க்கப்பலைக் கண்டு வாய்பிளக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. கடைகளில் விற்கும் பீரங்கி, விமானப் பொம்மைகளின் உதிரிப் பாகங்களையெல்லாம் ஒட்டிச் செய்த மாதிரி அது என்பதும், நகர்ந்தது கப்பல் அல்ல, கேமராதான் என்பதும் பின்னாளில் தெரியவந்தபோது வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. படத்தின் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளின் ரீங்காரத்தை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், புரொஜெக்டர் மோட்டாரின் இரைச்சலோடு தொலைக்காட்சிப் பெட்டியின் குறுக்கீட்டு ஒலியைக் கலந்து உருவாக்கினார். (அதை வாயாலேயே எழுப்பிக்கொண்டு நாங்கள் உடைத்த தென்னங்குச்சிகளுக்குக் கணக்கில்லை.)

1997இல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இப்படத்தில் கணினி வரைந்த விலங்குகளைப் புகுத்தியதுடன், மதுக்கூடத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோ மட்டுமே சுட்டிருந்த காட்சியை, எதிராளி முந்திக்கொண்டு சுடுவதாகவும் மாற்றினார். தன் காசைத் தவிர வேறெதையும் கருதாத கடத்தல்காரன் கடைசி நேரத்தில் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான் என்பதே அப்பாத்திரத்தின் அழகு. முதலிலேயே அவனை யோக்கியனாக்கிவிட்டால், அவன் திரும்பி வருவதில் என்ன இருக்கிறது?

தம் படைப்பைத் திருத்தும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மூல வடிவத்தைப் புழக்கத்திலிருந்தே அகற்றியதைத்தான் ஏற்க முடியவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடியவரும் இதே லூகாஸ்தான். 2006இல் மூல வடிவம் டிவிடியில் வந்தது. அதுவும் டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர் டிஸ்க்குக்கான பழைய பிரதியிலிருந்து எடுத்த மங்கலான இணைப்பாக, ஏனோதானோவென்று. நல்ல பிரதியே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1977ஆம் ஆண்டுப் பிரதியையே திரையிட்டுக் காட்டியது.

ஆகவே, 2012 முதல் இத்தொடரின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் டிஸ்னி நிறுவனம், ஐம்பதாம் ஆண்டை அரங்கக் கொண்டாட்டத்தோடு முடித்துக்கொள்ளாமல், திருத்திய வடிவத்தின் பக்கத்திலேயே மூல வடிவத்தையும் இணையத்திலும் வட்டிலும் நிரந்தரமாக வைக்க வேண்டும். தனி விலை வைத்தாலும் வாங்க ஆளிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.