கத்தரிக்கோலை எட்டாத உயரத்தில் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கு,

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நாலு வயது முடிந்த பிள்ளைகள் பலர் என் வகுப்புக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகக் கத்தரிக்கோலைத் தொடுகிறார்கள். கையை வெட்டிக்கொள்ளுமோ என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தினம் பத்து நிமிடம் வீட்டிலேயே பழக்குங்கள். இரண்டரை, மூன்று வயதிலேயே ஆரம்பிக்கலாம்.

முதலில் விரலுக்குப் பலம் வேண்டும். பேப்பரைக் கிழிக்க விடுங்கள், துணி கிளிப்பை அழுத்தித் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் விளையாட்டு மாவைப் பாம்பு போல உருட்டிக் கொடுத்தால் துண்டு துண்டாக நறுக்குவார்கள்.

பேப்பருக்கு வரும்போதுதான் பலரும் தவறுகிறோம். செய்தித்தாளைக் கொடுத்தால் அது இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்துவிடும்; தனக்கு வரவில்லை என்று குழந்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடும். பழைய வாழ்த்து அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டிக் கொடுங்கள். விறைப்பாக நிற்கும், ஒரே நறுக்கில் துண்டு விழும். அப்போது அந்த முகத்தைப் பாருங்கள். கத்தரிக்கோல் திறக்கும்போது வாயும் திறக்கும், மூடும்போது வாயும் மூடும்! அவ்வளவு கவனம். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். நகத்தில் பேனாவால் ஒரு சிரித்த முகம் வரைந்துவிடுங்கள். அது மேலே பார்த்துச் சிரித்தால் பிடி சரி. தாளைப் பிடிக்கும் கைக்கும் இதே கணக்குதான்.

இடது கைப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், அழுத்த அழுத்த அலகுகள் விலகும். என் வகுப்பில் ஒரு சிறுமிக்குக் கை வரவில்லை என்றே பல வாரம் நினைத்திருந்தேன். இடது கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்த அன்றே நேராக வெட்டினாள். அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், ஆனால் அலகு நன்றாக வெட்ட வேண்டும். வெட்டாத பொம்மைக் கத்தரிக்கோல் குழந்தையைச் சோர்வாக்கத்தான் உதவும். உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், முடித்ததும் உங்கள் கையில் திருப்பித் தர வேண்டும். கண் அசந்தால் தலைமுடியும் திரைச்சீலையும் தப்பாது, அதனால் வெட்டி முடித்த பிறகு மறுபடியும் உயரத்தில் வைப்பதுதான் சரி.

கோட்டின் மேல் நேராக வெட்ட ஏறக்குறைய நாலு வயது ஆகும், வட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம். விழுந்த துண்டுகளை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். நாளைக்குப் பசை தடவி ஒட்டலாம்.

அன்புடன்,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை