பூனைவணங்கி

சேலம்,
ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள மல்லிகா,

திட்டாதே. தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். முட்டிவலி அப்படியேதான். பத்மா பேத்திக்குக் காது குத்தினாள். வழக்கம்போல் பந்தியில் இலை எண்ணினாள். அவ்வளவுதான் ஊர் சேதி.

எங்கள் தெருக்கோடியில் பூங்காவுக்கென்று விட்ட மனை சும்மாவே கிடந்ததே, அதில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தோட்டம் போட்டிருக்கிறோம். விற்பதற்கு இல்லை. பிள்ளைகள் வந்து தொட்டு, முகர்ந்து, பேர் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான். பாத்திக்குப் பாத்தி தகரப் பலகை. தமிழ்ப் பேர், கீழே லத்தீன் பேர். எழுதுவது நான்தான், செடியை உலர்த்தி ஒட்டிவைக்கும் அதே ஹெர்பேரியம் ராணி. சிரிக்காதே.

போன மாசம் ஒரு பொடியன் மூலிகைப் பாத்தி முன்னால் நின்று, "பாட்டி, குப்பைமேனின்னு எழுதியிருக்கு, செடியக் காணோமே?" என்றான். நர்சரியில் சொல்லிவைத்திருக்கிறது, வரும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கீரைக்கார அம்மா கூடையை இறக்கிவிட்டுச் சிரிக்கிறாள். "டீச்சரம்மா, காலையிலருந்து நீங்க புடுங்கிக் குவிச்சிருக்கிறது என்னவாம்?"

மானம் போச்சுடி. முப்பது வருஷம் பாட்டனி நடத்தினவள். அகாலிஃபா இண்டிகா என்று பலகையில் எழுதிய அதே கையால் அதைக் களை என்று பிடுங்கிக் குவித்திருக்கிறேன்!

வேர் அறுபடாத பத்துச் செடியைப் பொறுக்கி நட்டோம். மறுநாள் பாத்தி உழுத மாதிரி கிடந்தது. பெருச்சாளி வேலை என்று கம்பிவலைக்கு வசூலே ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தால் மூன்று பூனைகள். வேரைக் கடிப்பதும், எச்சில் ஒழுக மண்ணில் புரளுவதும், குடித்தவன் தோற்றான். காலையில் சொன்னேன். கீரைக்கார அம்மா ஆச்சரியமே படவில்லை. "அதுக்குப் பேரே பூனைவணங்கிதானே."

அப்புறம்தான் அந்தச் செடி பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். அடி இலைக்குக் காம்பு நீளம், மேலே போகப் போகக் குட்டை. ஒன்றின் வெயிலை இன்னொன்று மறைக்கவில்லை. பெண்பூ ஒவ்வொன்றும் பல் வெட்டிய பச்சைக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமலே படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் நம் கையெல்லாம் சிரங்கு வந்தபோது உன் அம்மா மஞ்சள், உப்பு சேர்த்து அரைத்துக் கொடுத்தனுப்பிய பச்சை விழுது ஞாபகம் இருக்கா? நாற்றம் என்று ஜன்னல் வழியாக எறிந்தோமே. அது இதேதானடி. அம்மா இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே இளவட்டங்களுக்கு வேறு ஆசை. ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பார்த்துவிட்டு வந்து, அது வேண்டுமாம். மேகாலயாச் செடி அது. ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரக் குளிரில் பிழைக்கிறது. சித்திரை வெயிலில் நம் சேலத்தில் வதங்கிப்போகும் என்றால், நான் முட்டுக்கட்டை போடுகிறேனாம். தண்ணீர் ஊற்றும் முறை வந்தால் மட்டும் ஒருத்தரையும் காணோம். போன ஞாயிறு நானும் அந்தப் பொடியனும்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு நீ வா. வரும்போது சின்னதாக ஒரு களைக்கொத்தி வாங்கி வா. கீரைக்கார அம்மா பக்கத்தில் இல்லாமல் நான் களை எடுக்கக் கூடாதென்று தீர்மானம் போட்டு, இருந்த ஒன்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

உன்,
சரசு