பல் இல்லாத பக்கெட்

பட்டர்வொர்த்

அன்பு மகள் பவானிக்கு,

அப்பா எழுதுவது. அங்கே இன்னும் குளிர் விட்டபாடில்லையாமே. குழியில் தண்ணீர் கட்டி நிற்கும், பூட்ஸ் நனைந்தால் உடனே மாற்றிக்கொள். தைப்பூசத்துக்கு நீ போன் செய்யவில்லை. தண்ணீர்மலைப் படி ஏறும்போதுகூட அம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வேலை இருந்திருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டு அங்கிளிடம் காட்டினேன். கோதுமை வயலில் 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் கோடு கோடாக வெட்டியிருக்கிறதே, அது. வீடு கட்டுவதற்கு முன்னால், அடியில் பழங்காலத்து அடையாளம் இருக்கிறதா என்று நூற்றுக்கு நாலைந்து பங்கு நிலத்தை மட்டும் திறந்து பார்ப்பார்கள் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "மண் கிண்டவா லண்டனுக்கு அனுப்பினீர்?" என்கிறார். மண் கறுத்திருப்பதைப் பார்த்தே இது அந்தக் காலத்தில் கம்பம் நட்ட குழி என்பாள் என் மகள், உமக்குத் தெரியுமா என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

ஆனாலும் ஒரு போன் செய்யலாம். பூட்ஸை மறக்காதே.

2017இல் குவார் கெப்பாவில் காட்சியகம் கட்டத் தோண்டிய இடத்தில் ஐயாயிரம் வருஷத்துப் பெண்ணின் எலும்பு கிடைத்ததே, அன்றைக்குப் பினாகா வரை மோட்டாரில் கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடித்தாய். அதற்கு முன்னால் 2013இல், பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயிலை, இடித்தபோது ராத்திரி சோறே உண்ணவில்லை. "மண் வாரும் மெஷின் ஓட்டினவன் என்ன செய்வான், சொன்ன இடத்தை வாரினான்" என்று நான் கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று நீ கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கேட்டாய், அப்பாயி குழி எங்கே என்று. வெள்ளத்தில் போனது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளம் வரவில்லைம்மா. தோட்டத்தை விற்று வீடுகள் கட்டித் தாமான் போட்டபோது இடுகாட்டு மூலையை வாரினது என் மெஷின். நாள் கூலி 60 வெள்ளி. நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வாருவான். அப்பாயி இன்னும் தள்ளி, பால்மரத்துப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாரினேன். பல் இல்லாத பக்கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவோம், கறுப்பு தெரிந்தால் மெஷினை நிறுத்திவிடுவோம் என்றாயே. என் பக்கெட்டுக்கு அஞ்சு பல். கறுப்பு தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். நாலாவது விளக்குக் கம்பத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில். நீ வந்தால் காட்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா