ரெக்சினுக்குச் சாயம் ஏறாது

ஐயா,

பழைய கார்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருக்கைகளின் நிறம் பிடிக்காவிட்டால் பழைய ரெக்சினைக் கிழித்துவிட்டுப் புதியது தைத்துக்கொள்வதே எளிது என்றும், செலவுக்கு யோசிப்பவர்கள் சாயம் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்திருக்கிறார். முதல் யோசனை அவசரமானது. இரண்டாவது, விவரம் இல்லாமல் சொல்லப்பட்டதால், ஆபத்தானது.

என்னிடம் 1969-ஆம் ஆண்டு ஃபியட் 1100 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. வெளிறிப்போன மெரூன் இருக்கைகளைக் கறுப்பாக்கித் தரும்படி ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் மேலே துடைத்துவிட்டு, வண்டியின் உடலுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டையே அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கண்ணாடிபோல் மின்னியது. வைகாசி வெயிலில் கோபிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கியபோது, உடன் வந்த சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் சீட்டின் பட்டைகள் வரிவரியாகக் கறுப்பில் அச்சாகியிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டே பந்தியில் அமர்ந்தார்.

திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சாயம் என்றாலே நூல் அதைக் குடித்துக்கொள்ளும் என்ற நினைப்பு இயல்பாக வந்துவிடுகிறது. பருத்தி குடிக்கும், ரெக்சின் குடிக்காது. அது துணியின்மேல் படியவைத்த பி.வி.சி. பிளாஸ்டிக் படலம். கடையில் 'வினைல் டை' என்று கேட்டு வாங்குவதும் உண்மையில் சாயமன்று, மடித்தாலும் வெடிக்காத ஒரு மெல்லிய பூச்சு. அதிலுள்ள கரைப்பான் படலத்தின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி, நிறத்தைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. பி.வி.சி.யை வளைந்துகொடுக்க வைப்பதற்காகச் சேர்த்திருக்கும் மென்மையூட்டியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுதான் என் வண்டியின் என்.சி. பெயின்டைப் பிசுபிசுக்க வைத்தது. சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் எனாமலாக இருந்தால், ஆள் உட்கார்ந்து எழும் இடத்தில் செதில் செதிலாக உரிந்திருக்கும்.

ஆகவே, வேலையில் முக்கால் பங்கு துடைப்பதுதான். டேஷ்போர்டு மினுமினுக்கப் பூசும் பாலிஷ்களில் சிலிக்கோன் இருப்பதால், அது கொஞ்சம் மீந்தாலும் பூச்சு அங்கங்கே கண்கண்ணாக விலகி நிற்கும். சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு தையல் மடிப்புகளை விரித்துத் தேய்த்து, நன்கு உலரவிட்டு, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். தின்னரைத் தொடவே கூடாது. ரெக்சினின் மேற்பரப்பையே அது கரைத்துவிடும். ஒரே தடவையில் மூடிவிடலாம் என்று கனமாக அடிக்காமல், மெல்லியதாக நான்கைந்து கை (பூச்சு), ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது என்று அடிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் ஆடி மாதத்தில், பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை வேண்டும். வெளிர் நிறத்தை அடர்நிறமாக்குவது எளிது. மெரூன்மேல் கிரீம் அடித்தால் கை கூடுதலாகும், கீறல் விழும் இடத்திலெல்லாம் மெரூன் எட்டிப் பார்க்கும். டேஷ்போர்டின் மேற்பகுதியை மட்டும் மின்னாத அடர்நிறத்தில் விட்டுவிட வேண்டும். வெளிர் நிறமானால் முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வரும் வண்டியை மறைக்கும்.

ரெக்சின் வெடித்துக் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நிறம் மட்டுமே போயிருக்கும் ரெக்சினைக் கிழித்துவிட்டால், அந்தக் காலத்து மணிமணியான மேற்பரப்பும் கதவின் உட்புற அட்டையான டோர் பேடில் வெப்பத்தால் அழுத்திய வரிகளும் இன்று எந்தக் குஷன் கடையிலும் கிடைக்கமாட்டா. நிறத்தை மாற்ற விதி இடம் தருமா என்றால், 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாக 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசையில் பதிவு செய்ய இடமளிக்கிறது. சேஸி (அடிச்சட்டம்), உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் குறித்திருப்பதும் வெளி நிறமே. இருக்கையின் நிறம் சொந்தக்காரரின் விருப்பம் என்றே கொள்ளலாம். எனினும், பின் சீட்டுக்கு அடியில் மடிந்திருக்கும் ஒரு சாண் ரெக்சினை மட்டும் பூசாமல் விட்டுவைத்தால், வண்டி அடுத்தவர் கைக்குப் போகும்போது முதல் நிறம் இன்னதென்று அவருக்குத் தெரியும். என் வண்டியில் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.