விளக்கை அணைத்த தம்பிக்கு

கோரிமேடு, ஏற்காடு ரோட்டுக்காரர்களுக்கும், டெப்போ நண்பர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பிழைத்துக்கொண்டேன், வீட்டுக்கு வந்துவிட்டேன், யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம். டூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ரத்தம் கொடுக்க ஓடி வந்த டிரைவர், கண்டக்டர் தம்பிகள். ராத்திரியெல்லாம் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டு ஒரு தடவைகூட முகம் சுளிக்காத நர்ஸம்மா. என் மச்சான் கையில் ஒரு கவரைத் திணித்துவிட்டு யாரென்று சொல்லாமலே போனவர். தினமும் குழைந்த சோறும் காரமில்லாத ரசமும் அனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள், சுகவனேஸ்வரருக்கு அர்ச்சனை செய்தவர்கள், தர்காவில் ஓதி வாங்கிய கயிற்றைக் கொண்டுவந்து கட்டிவிட்ட பாய். இத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்வது நியாயமில்லைதான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருகிறேன். இந்த மடல் எங்கள் வீட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தம்பிக்கு. பேரைப் போட்டால் கடையை மாற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார், அதனால் போடவில்லை.

2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சந்திர கிரகணம். இத்தனை வருஷம் இந்த மலையில் பஸ் ஓட்டியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் நிலா எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் மறையும் என்று தெரியும். ஆனால் ஒரு கிரகணத்தைக்கூட முதலிலிருந்து கடைசி வரை பார்த்ததில்லை. ஸ்டியரிங் பிடித்தவன் ரோட்டைத்தான் பார்க்க முடியும். படுக்கையில் கிடந்தபோது பேப்பரில் படித்தேன்: 9.57க்கு நிழல் தொட ஆரம்பிக்கும், 11 மணிக்கு முழுசாக மறையும், 82 நிமிஷம் அப்படியே இருக்கும். இதைப் பார்த்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் விடுவார்களா? கிரகணம் பிடித்ததே கும்ப ராசியில். எனக்கும் அதே ராசி, ஏழரைச் சனி வேறு. பாலிலும் மாவிலும் தர்ப்பையைப் போட்டு வைத்துவிட்டு, “வெளியே தலை காட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி நான் உட்கார்ந்திருந்தால் நானும் தர்ப்பையைத்தான் தேடியிருப்பேன். கடைசியில் மகன் பேசிப் பார்த்ததில், ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு கேட் வரை, நாற்காலியில், அரை மணி நேரம் என்று உத்தரவானது.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எதிர்க் கடையின் ஃபோகஸ் லைட் நேராக என் கண்ணில் அடிக்கிறது. நிலாவோ உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. கழுத்தை அண்ணாந்து வைத்தால் வலி பின்னிவிடுகிறது, இறக்கினால் கண் கூசுகிறது. நெற்றியில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தேன். கை நடுங்கியது. சரி, நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திடீரென்று எதிரே இருட்டானது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு லைட் எரிந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டி அந்தத் தம்பி வருகிறார், பின்னாலேயே டீ மாஸ்டர். இருவரும் கடை பெஞ்சை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “படுத்துக்கிட்டுப் பாருங்கண்ணா, கழுத்து என்னத்துக்கு ஆகும்” என்றார். தோளில் கிடந்த துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். அப்படியே கையை நீட்டி எங்கள் வாசல் லைட்டையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகளை நம்பித்தான் அடிவாரம் பக்கத்துக் கடைகள் ஓடுகின்றன. போர்டில் லைட் இல்லையென்றால் கடை மூடிவிட்டது என்று நினைத்து ஒரு கார்கூட நிற்காது. அது தெரிந்துதான் அணைத்தார். அடுப்பு வெளிச்சத்திலேயே டீ ஆற்றினார். எனக்கும் அவருக்கும் பெரிய பழக்கமும் கிடையாது. டிரிப் முடிந்து வந்தால் ஒரு டீ, சில்லறை, அவ்வளவுதான்.

11 மணிக்கு நிலா முழுசாக மறைந்தது. மறைந்தது என்று சொல்வதும் சரியில்லை. புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் மாதிரி ஒரு நிறத்தில் தொங்கியது. பூமியின் நிழலுக்குள் வெயில் நேராகப் போகாது. பூமியைச் சுற்றியுள்ள காற்றுக்குள் நுழைந்து வளைந்து போகிற வெளிச்சம் மட்டும்தான் நிலாவில் விழும். நீலம் வழியிலேயே சிதறிவிடும், சிவப்பு மட்டும் போய்ச் சேரும். காலை முதல் டிரிப்பில் வளைவு திரும்பும்போது கண்ணில் அடிக்குமே ஒரு செம்மை, அதுவும் இதனால்தான். உலகம் முழுக்க அந்த நேரத்தில் எங்கெங்கே விடிகிறதோ, எங்கெங்கே பொழுது சாய்கிறதோ, அத்தனை ஊர் வெளிச்சமும் சேர்ந்து நிலாவில் விழுகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மல்லாந்து படுத்துப் பார்க்கும்போதுதான் நம்பினேன்.

முழு நிலாவின் வெளிச்சம் போனதும் அதுவரை தெரியாத நட்சத்திரமெல்லாம் வந்துவிட்டது. அந்த லைட் எரிந்திருந்தால் இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. நிலாவுக்குக் கொஞ்சம் கிழக்கே நிலையாக ஒரு புள்ளி. மகன் மொபைலை நீட்டிப் பார்த்து, “அப்பா, அது சனி” என்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது: “அவரை எதுக்குப் பாக்கறீங்க, இங்க வந்து பாத்தது போதாதா?” சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது. பரவாயில்லை.

கடைக்கு வந்தவர்கள், ரோட்டில் போனவர்கள் எல்லாரும் கிளாஸும் கையுமாக நின்று மேலே பார்த்தார்கள். மேகம் வந்து மூடினால் “ச்சே” என்றார்கள், விலகினால் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒருவராவது என்னைப் பார்க்கவில்லை. படுத்த நாளிலிருந்து எல்லாரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறம் வந்திருக்கிறதா, இளைத்திருக்கிறேனா, மூச்சு வாங்குகிறதா என்று. அன்பால்தான் பார்த்தார்கள், தெரியும். ஆனாலும் கூட்டத்தில் நானும் ஓர் ஆளாக அண்ணாந்து கிடந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எந்த மாத்திரையும் தரவில்லை.

அரை மணி நேரம் என்ற உத்தரவு என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். 12.22க்கு ஓரத்தில் வெள்ளை கீறியது வரை இருந்தேன். அதற்குள் என் மனைவியே போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டாள். தரையைப் பார்த்தபடியேதான் வந்தாள், தரையைப் பார்த்தபடியேதான் போனாள்.

மறுநாள் கடைக்கு ஆள் விட்டு, நஷ்டத்துக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். “பெஞ்சை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லு” என்று பதில் வந்தது. கொடுத்துவிட்டோம்.

அதற்கு அடுத்தது 2026 மார்ச் 3ஆம் தேதிக் கிரகணம், ஆனால் அதில் நமக்கு நிலா உதிக்கும்போதே முக்கால்வாசிக் கதை முடிந்த கணக்கு, வால் பகுதி மட்டும்தான். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் 2028 டிசம்பர் 31 ராத்திரிதான். பத்து மணிக்கெல்லாம் நிலா சிவந்திருக்கும். அதற்கு நான் இருப்பேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. டீக்கடைத் தம்பியிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். “நியூ இயர் யாவாரத்துல லைட்டை அணைக்கச் சொல்றீங்களாண்ணா?” என்று தலையைச் சொறிந்தார். அன்றைய கல்லாவுக்கு நான் பொறுப்பு, தம்பி.