சாராவைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள கலா,

நலம். வீட்டில் அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? "அம்பதாவது பொறந்தநாளைத் தனியா அந்தக் குளிர்லயா கழிச்சே?" என்று குரல் பதிவில் கேட்டிருந்தாய். தனியாக இல்லையடி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று காலை வாசல் கதவைத் திறந்தால், ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வைக்கோல் அடைத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, உடம்பில் என்னுடைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை! தோழிகள் இவரிடம் சொல்லி அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கொசுவத்தைப் பின்பக்கம் செருகியிருந்தார்கள். பக்கத்தில் பெரிதாக 50 என்று எழுதிய அட்டை. நெதர்லாந்தில் ஐம்பதைத் தொட்ட பெண் 'சாராவைப் பார்த்துவிட்டாள்' என்பார்கள், ஆண் என்றால் ஆபிரகாமை. யோவான் சுவிசேஷத்தில் ஓர் இடம் வருகிறது: உனக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லையே, நீ ஆபிரகாமைக் கண்டாயா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அதிலிருந்து வந்த வழக்கம். ஆபிரகாமின் மனைவி சாரா, அதனால் பெண்களுக்கு அவள்.

நம் பக்கம் வயதைக் கேட்டாலே பேச்சை மாற்றுவோம். இங்கே அதைத் தெருவுக்கே தெரியும்படி வைக்கிறார்கள். சைக்கிளில் போனவர்கள் மணியடித்துக் கை காட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது கலா. ஐம்பது வருஷம் வாழ்ந்தது ஒளித்து வைக்கிற விஷயமா என்ன?

மதியத்துக்கு மேல் எல்லோரும் வந்தார்கள். கூடத்தில் வண்ணக் காகிதத் தோரணம், நாற்காலிகள் வட்டமாக. வந்தவுடன் காபியும் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும், சாயங்காலம் ஆனால் சீஸ் துண்டுகளும் கடுகுச் சாந்தும். நான் உளுந்து வடையும் ரவா கேசரியும் செய்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வடையை அந்தக் கடுகுச் சாந்தில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பால்ரொட்டி சுட்டு வந்திருந்தார். "இந்தச் சீலையில வடிவா இருக்கிறீர் தங்கச்சி" என்றார். அந்த ஒரு சொல்லில் கண் கலங்கிவிட்டது.

ஆனால் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கே பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார மாட்டார்கள். உள்ளே வருகிறவர் வட்டம் முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, உங்கள் மனைவிக்காக வாழ்த்துகள், உங்கள் தோழிக்காக வாழ்த்துகள் என்கிறார்கள். வந்த புதிதில், இவர்களை எதற்கு வாழ்த்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால், இதைவிடச் சரியான முறை இல்லை என்று தோன்றுகிறது. ஒருத்தி நம்மோடு இருப்பதில் நமக்கும் சந்தோஷம் உண்டுதானே? ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, மெஸ் சாப்பாடு ஆகாதென்று தினமும் வெளியே போய் எனக்கு மோர் வாங்கி வந்தாயே, அன்றைக்கு நான் பிழைத்ததில் உன் பங்கு எவ்வளவு! அதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்படியானால் முதல் வாழ்த்து அவளுக்குத்தான், எழுதி அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன். வாழ்த்துகள் கலா, உன் தோழிக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது.

அம்மாவுக்கு எப்போதும் நட்சத்திரப் பிறந்தநாள்தான் கணக்கு. அது இந்தத் தேதிக்கு முந்தின வாரமே வந்தது; கோயிலில் அர்ச்சனை முடித்து, திருநீற்றுத் தட்டோடு வீடியோ காலில் வந்துவிட்டார். ஆக எனக்கு இரண்டு பிறந்தநாள்.

இன்னொன்று. இங்கே கழிப்பறைச் சுவரில் ஒரு பிறந்தநாள் நாள்காட்டி மாட்டியிருப்பார்கள். கிழமையும் இருக்காது, வருஷமும் இருக்காது, தேதி மட்டும். அதனால் ஒன்றே காலத்துக்கும் வரும். தினமும் கண்ணில் படுகிற இடம் என்பதால் யாரையும் மறக்க முடியாது. பாட்டி வீட்டு நாள்காட்டியில் தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களுக்கு நடுவே என் பெயரையும் எழுதியிருக்கிறார். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். முதலில் எழுதியது உன் பெயர். அந்த இடத்திலா என்று கோபித்துக்கொள்ளாதே, இங்கே அதுதான் மரியாதை.

அப்புறம், அண்ணனுக்கு அடுத்த வருஷம் அறுபது ஆகிறதே, மணிவிழா திருக்கடையூரில்தானா? முகூர்த்தம் குறித்ததும் உடனே சொல். இங்கே கோடை விடுமுறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், டிக்கெட்டும் கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். இவரும் வருகிறேன் என்கிறார். பாட்டிக்கும் வர ஆசை, முழங்கால்தான் யோசிக்க வைக்கிறது. அவர் வந்தால் கோயிலுக்குப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைக்குமா என்று அண்ணனை விசாரிக்கச் சொல்.

அன்புடன்,
செல்வி
ஐந்தோவன், நெதர்லாந்து