இடுப்பு மாறிய வாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழங்கால உடைச் சித்திரங்களின் நகல்களைக் கொண்டு வீட்டுச் சுவரை அலங்கரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். என் வீட்டிலும் அப்படிப் பதினொரு படங்கள் தொங்குகின்றன. நிறப் பொருத்தம், பிரேம்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி என்று கட்டுரையாளர் சொன்னதெல்லாம் சரி. ஆனால், ஓரத்தையும் அடியிலுள்ள எழுத்தையும் வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை வருகிறதே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் ஜோடியாக விற்ற இரண்டு நகல்களை வாங்கினேன். 1780 வாக்கில் பாரிஸில் அச்சான படங்கள். ஒரு கனவானும் ஒரு சீமாட்டியும் எதிரெதிரே பார்த்து நிற்கிறார்கள். அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆறு மாதம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கண்ணாடியைத் துடைக்கும்போது கனவானின் வாள் கண்ணில் பட்டது. வலது இடுப்பில் தொங்கியது. வலக்கையால் உருவுகிறவர் வாளை இடப்பக்கம் அல்லவா கட்டிக்கொள்வார்?

தேடிப்பார்த்ததில் மூலப்படம் ஓர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் கிடைத்தது. அதில் அவர் எதிர்த்திசையில் திரும்பி நிற்கிறார், வாள் சரியான இடுப்பில் இருக்கிறது. ஜோடி பொருந்த வேண்டும் என்பதற்காக விற்றவர்கள் படத்தை இடவலமாகப் புரட்டியிருக்கிறார்கள். புரட்டினால் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியுமே, அதனால் அதை வெட்டிவிட்டார்கள். இரண்டும் 1778 முதல் 1787 வரை பாரிஸில் வெளிவந்த ‘கேலரி தே மோத்’ என்ற வரிசையைச் சேர்ந்தவை. ஆறாறு படங்கள் கொண்ட கட்டுகளாக அதை விற்றார்கள். என் கனவான் ஒரு கட்டில், சீமாட்டி வேறொரு கட்டில். அவர்கள் ஜோடியே அல்ல.

அந்தக் காலத்திலும் படங்கள் புரண்டது உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே செப்புத் தகட்டில் செதுக்கினால், அச்சில் அது திரும்பித்தான் விழும். திருட்டுப் பதிப்புகள் பலவற்றில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் முதல் பதிப்பா, பார்த்துச் செதுக்கியதா என்று கண்டுபிடிக்கவும் அடியிலுள்ள எழுத்துதான் வேண்டும். வழக்கமாக இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர், நடுவில் உடையின் பெயர், எங்காவது ஒரு வரிசை எண். 1797 முதல் 1839 வரை பாரிஸில் வந்த ‘ஜூர்னால் தே தாம் எ தே மோத்’ பத்திரிகையின் தொடக்க காலப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வைக்கோல் தொப்பி வைத்த ஒரு பெண், மேலே ‘ஆன் 8’ என்று சின்னதாக இரண்டே சொல். பிரெஞ்சுப் புரட்சி கொண்டுவந்த புதிய நாட்காட்டியில் அது எட்டாம் ஆண்டு, அதாவது 1799 செப்டம்பர் முதல் 1800 செப்டம்பர் வரை. அரசனை வீழ்த்தி வருடத்தையே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிய ஊரில், அந்த வருடம் எந்தத் தொப்பி போட்டார்கள் என்பதை அந்தப் படம் சொல்கிறது. அந்த இரண்டு சொல்லையும் நறுக்கிவிட்டால் மிஞ்சுவது தொப்பி மட்டுமே.

இன்னொன்று. உடைச் சித்திரங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மேலே சொன்னவை தங்கள் காலத்து நாகரிகத்தைத் தங்கள் காலத்திலேயே வரைந்தவை. பிரெஞ்சு ஓவியர் ராசினே 1876 முதல் 1888 வரை வெளியிட்ட ‘ல கொஸ்தியூம் இஸ்தோரிக்’ என்ற உடை வரலாற்று நூல் அப்படியல்ல. ஏறக்குறைய 500 படங்கள், அவற்றில் பல பொன் வெள்ளி மை போட்ட வண்ணக் கல்லச்சு. பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அதில் வரும் இடைக்கால மாந்தர்கள் பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் பார்த்து, நூற்றாண்டுகள் கழித்து வரையப்பட்டவர்கள். அதனால் என் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு ஆண்டுகளை எழுதி ஒட்டியிருக்கிறேன்: உடை எந்தக் காலத்தது, படம் எந்தக் காலத்தது.

படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பவர்களுக்கு வேறொரு சந்தோஷமும் உண்டு. அந்த வைக்கோல் தொப்பிப் பெண்ணின் பாவாடை விளிம்பில் இளநீலம் செதுக்கிய கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வழிந்திருக்கிறது. இவற்றைக் கறுப்பில் மட்டும்தான் அச்சடித்தார்கள். வண்ணம் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் தீட்டியது. அதே படத்தின் இன்னொரு பிரதியில் அந்த வழிசல் இருக்காது, நீலத்துக்குப் பதில் வேறு நிறமே இருந்தாலும் இருக்கும். அந்தக் கை யாருடையது என்று எந்த மூலையிலும் பெயர் இல்லை. அதனால்தான், நகல் எடுக்கும்போது நிறத்தைத் ‘திருத்தி’, கறையை நீக்கி, தாளைப் பளீர் வெள்ளையாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

நல்ல நகலுக்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், நியூயார்க் பொது நூலகம் ஆகியவை காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய கோப்பாக இலவசமாகவே தருகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏ4 தாளில் அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் இருந்தால் போதும். அதற்குமேல் ஊதிப் பெரிதாக்க வேண்டாம் என்பேன். ‘ஜூர்னால்’ படங்கள் சுமார் 18 செ.மீ. உயரமே உள்ளவை, கையில் பிடித்துப் பார்க்க வரைந்தவை. அசல் அளவிலேயே அச்சிட்டு, சுற்றிலும் அகலமாக மவுண்ட் அட்டை வைத்தால் சுவரில் அதுவே நிறைவாக இருக்கும். பிரேம் போடுபவரிடம், அட்டையின் திறப்பு எழுத்துக்கும் கீழே, செப்புத் தகடு அழுந்திய தடத்துக்கும் வெளியே வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. நான் சொல்லியும் ஒருமுறை நறுக்கிவிட்டார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த ஐந்து படங்களின் கீழும் பெயர், ஆண்டு, ஊர் எதுவும் இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டியிலாவது அவற்றைப் போடுங்கள். மூன்றாம் படத்தில் பச்சைக் குடையோடு நிற்கும் பெண்ணை வரைந்தது யார் என்று தெரிந்தால், நானும் அவளை முழுசாக, எழுத்தோடு, என் சுவருக்குக் கொண்டுவருவேன். கனவானைத் திருத்தி மறுபடி அச்சிட்டு மாட்டிவிட்டேன். இப்போது அவர் சீமாட்டிக்கு முதுகு காட்டி நிற்கிறார், வாள் இடது இடுப்பில்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி